உச்சியா, குத்தா? ‘குத்தெதிர்க் கோணம்’ என்னும் கலைச்சொல்லின் பொருட்காரணம்

இரு நேர்கோடுகள் ஒன்றையொன்று வெட்டும்போது வெட்டுப்புள்ளியைச் சுற்றி நான்கு கோணங்கள் உண்டாகின்றன. அவற்றுள் பக்கத்தைப் பகிர்ந்துகொள்ளாமல் புள்ளியின் இருபுறமும் எதிரெதிராக அமையும் இரண்டு கோணங்கள் அளவில் சமமானவை. பள்ளி வடிவியலின் தொடக்கத்திலேயே கற்பிக்கப்படும் இவ்வுண்மைக்கு உரிய கோணங்களைத் தமிழ்நாட்டுப் பாடநூல்களும் இலங்கைப் பாடநூல்களும் ‘குத்தெதிர்க் கோணங்கள்’ என வழங்குகின்றன. இரு நாட்டுக் கலைச்சொற்களும் பல இடங்களில் வேறுபட்டிருக்க, இச்சொல்லில் வேறுபாடு இல்லை. அத்துணை உறுதியாக வேரூன்றிய இச்சொல்லின் முதற்கூறாகிய ‘குத்து’ எதனைச் சுட்டுகிறது என்பது ஆராயத்தக்கது.

பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் எனப் பகுத்துக் காண்பது நன்னூல் மரபு. மக்கள் வழக்கில் தோன்றிய பெயர்களுள் இவ்விரு வகையும் உண்டு. ஆனால் அறிவியலுக்கென ஆக்கப்படும் கலைச்சொல் ஏறத்தாழ எப்போதும் காரணப்பெயரே. பொருளின் ஓர் இயல்பைச் சொல்லின் உறுப்பே காட்ட வேண்டும் என்பதனால்தான் பிறமொழிச் சொல்லை அப்படியே எடுத்தாளாமல் தமிழில் புதுச்சொல் ஆக்கப்படுகிறது. முக்கோணம், நாற்கரம், இணைகரம், வெட்டுப்புள்ளி போன்ற சொற்களைக் கேட்ட மாணவர், வரையறையைப் படிக்கும் முன்னரே பொருளின் உருவத்தை ஓரளவு மனத்தில் கொள்வர். தமிழ்வழிக் கல்விக்கு முன்வைக்கப்படும் காரணங்களுள் இது வலுவானது. ஆகவே ஒரு கலைச்சொல் காரணப்பெயர் போலத் தோன்றி, அது காட்டும் காரணம் பொருளிடத்தே இல்லாதிருப்பின், அது பொருள் விளங்காத அயற்சொல்லினும் தீங்கானது. விளங்காத சொல் மாணவரைக் கேள்வி கேட்க வைக்கும். தவறாக விளங்கும் சொல்லோ கேள்வியே எழாமல் செய்துவிடும்.

தமிழில் ‘குத்து’ என்னும் சொல் வினையாகவும் பெயராகவும் பல பொருள் தருவது. ஊடுருவுதல், இடித்தல், முட்டியால் தாக்குதல் ஆகியன வினைப்பொருள்கள். பெயர்க்கு முன் அடையாக வரும்போது பெரும்பாலும் அது ‘நிமிர்ந்து நிற்பது’ என்னும் பொருளையே தரும். குத்துக்கல், குத்துவிளக்கு என்னும் வழக்குகளில் இப்பொருளைக் காணலாம். வடிவியலிலும் இப்பொருளே நிலைபெற்றுள்ளது. முக்கோணத்தின் உச்சியிலிருந்து எதிர்ப்பக்கத்திற்குச் செங்குத்தாக வரையப்படுவது குத்துக்கோடு. அதன் நீளம் குத்துயரம். தரைக்குச் செங்குத்தான திசையை நிலைக்குத்து என்பர். இவற்றையெல்லாம் கற்ற மாணவர் ‘குத்தெதிர்’ என்பதைப் படித்தால், மேலும் கீழுமாக எதிர்நிற்பது என்றே பொருள் கொள்வர். அவ்வாறு கொள்ளுதல் மாணவரின் பிழையன்று. தமிழ் அறிந்தவர் வேறு எவ்வாறும் கொள்ள இயலாது.

வடிவமோ இப்பொருளை ஏற்பதில்லை. பெருக்கற்குறி போல இரு கோடுகள் சாய்ந்து வெட்டும்போது தோன்றும் இரண்டு இணைகளுள் ஒன்று மேலும் கீழுமாக அமைகிறது. மற்றொன்று இடமும் வலமுமாக அமைகிறது. இரண்டு இணைகளும் குத்தெதிர்க் கோணங்களே எனப் பாடம் கூறுகிறது. சொல்லின் பொருளை நம்பியவர் முதலாவதை மட்டுமே அப்பெயரால் அழைப்பர். இரண்டாவதற்குக் ‘கிடையெதிர்’ என்றொரு பெயர் இருக்கக்கூடும் எனத் தேடுவர். ஒரு கோடு கிடையாகவும் மற்றது நிலைக்குத்தாகவும் அமைந்து கூட்டற்குறி உருவானாலோ நிலைமை இன்னும் வியப்பானது. அங்கே நான்கு செங்கோணங்களும் மூலைக்கு மூலையாக எதிர்நிற்கின்றன. எந்த இணையும் நிமிர்ந்த திசையில் இல்லை. தாளைச் சற்றுத் திருப்பினால் குத்தாக நின்றது கிடையாகிவிடும், கோணங்களின் உறவோ மாறாது. திசை பற்றிய எச்செய்தியும் இக்கருத்தில் அடங்கியிருக்கவில்லை என்பது தெளிவு.

அவ்வாறாயின் ‘குத்து’ எங்கிருந்து வந்தது? ‘குத்தெதிர்’ என்னும் சொல்லமைப்பே விடையைக் காட்டுகிறது. பிரித்தானியப் பள்ளி வடிவியல் நூல்களில் இக்கோணங்களுக்கு வழங்கும் பெயர் ‘வெர்டிக்கலி ஆப்போசிட்’ என்பது. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹாலும் ஸ்டீவன்ஸும் எழுதிய பள்ளி வடிவியலில் இத்தொடரே ஆளப்படுகிறது. இத்தொடரின் முதற்சொல் ‘குத்து’ எனவும், இரண்டாம் சொல் ‘எதிர்’ எனவும் சொல்லுக்குச் சொல் பெயர்க்கப்பட்டுள்ளன. இன்றைய ஆங்கிலத்தில் ‘வெர்டிக்கல்’ என்றால் நிமிர்ந்தது என்பதே பொதுப்பொருள். பெயர்த்தவர்கள் அப்பொருளையே எடுத்துக்கொண்டனர். ஆனால் கோணப் பெயரில் அச்சொல்லுக்கு அப்பொருள் ஒருகாலும் இருந்ததில்லை. இதனை உணர அச்சொல்லின் இலத்தீன் மூலத்தை நோக்க வேண்டும்.

‘வெர்டிக்கல்’ என்பது பிற்கால இலத்தீனின் ‘வெர்டிகாலிஸ்’ என்னும் பெயரடையிலிருந்து வந்தது. அது ‘வெர்டெக்ஸ்’ என்னும் பெயர்ச்சொல்லின் வழிப் பிறந்தது. வெர்டெக்ஸ், ‘திருப்பு, சுழற்று’ எனப் பொருள்படும் ‘வெர்ட்டெரே’ என்னும் வினையடியாகத் தோன்றியது. இன்று ஆங்கிலத்தில் நீர்ச்சுழலைக் குறிக்கும் ‘வோர்டெக்ஸ்’ என்பதும் கோணமுனையைக் குறிக்கும் ‘வெர்டெக்ஸ்’ என்பதும் இலத்தீனில் ஒரே சொல்லின் இரு வடிவங்களே.

சுழலைக் குறித்த சொல் முனையைக் குறிக்க வந்தது எவ்வாறு? இவ்வினாவிற்குக் கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அணியியல் ஆசிரியர் குவின்டிலியன் தம் பேச்சுக்கலை நூலின் எட்டாம் பகுதியில் விடை கூறியுள்ளார். வெர்டெக்ஸ் என்பது முதற்கண் தன்னுள் சுழலும் நீரைக் குறித்தது என்றும், பின்னர் மயிர் சுழன்று அமைவதனால் தலையின் மேற்பகுதியைக் குறித்தது என்றும், அதிலிருந்து மலையின் மிக உயர்ந்த இடத்திற்கு ஆயிற்று என்றும் அவர் வரிசைப்படுத்துகிறார். எல்லாவற்றையும் அச்சொல்லால் குறிப்பது சரியே எனினும், உரிய பொருள் தொடக்கத்தில் எதற்கு இருந்ததோ அதுவே என்பது அவர் கருத்து. சொல்லின் மூலப்பொருளையும் ஆகுபெயர்ப் பொருளையும் வேறு பிரித்துக் காணும் இப்பார்வை தமிழ் இலக்கண மாணவர்க்குப் புதியதன்று.

நீர்ச்சுழல், உச்சந்தலை, மலைமுடி என்னும் இவ்வரிசையில் வானியலார் மேலும் ஒரு பொருளைச் சேர்த்தனர். நிற்பவரின் தலைக்கு நேர்மேலே வானத்தில் உள்ள புள்ளி, அதாவது வானுச்சி, அப்பொருள். வெர்டிகாலிஸ் இவ்வழியில் ‘தலைக்கு நேர்மேலான’ என்னும் பொருள் பெற்றது. 16 ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற்குள் நுழைந்தபோது ‘வெர்டிக்கல்’ என்பதற்கு இப்பொருளே இருந்தது. வானுச்சியிலிருந்து நிற்பவரின் காலடிக்கு ஒரு கோடு இழுத்தால் அது தரைக்குச் செங்குத்தாக அமையும் அன்றோ! அக்கோட்டின் திசையே பின்னர் அச்சொல்லின் தலைமைப் பொருளாகிவிட்டது. ஆகவே ‘நிமிர்ந்த’ என்பது வெர்டெக்ஸ் என்னும் பாட்டியின் பேத்தி. அதுவும் வானியல் வழிவந்த பேத்தி. கோணப்பெயரோ வடிவியல் வழியில் நேரே பிறந்த மகள். இருவரும் ஒரே பெயர் தாங்கி நின்றமையால் ஆள்மாறாட்டம் நேர்ந்தது.

வடிவியல் வழியை இன்னும் பின்னோக்கிக் காணின் கிரேக்க மூலம் கிடைக்கும். யூக்ளிட் தம் மூலநூலின் முதற்பகுதியில் 15 ஆம் தேற்றமாக இவ்வுண்மையை நிறுவினார். அவர் இக்கோணங்களைக் ‘கொருஃபே வழிப்பட்ட கோணங்கள்’ என்றார். கிரேக்கத்தில் கொருஃபே என்பதும் தலையின் உச்சியும் மலையின் முடியுமே. கி.பி. 5 ஆம் நூற்றாண்டில் அம்முதற்பகுதிக்கு உரைகண்ட புரோக்ளஸ், பெயர்க்காரணத்தையும் விளக்கியுள்ளார். எதிரெதிர்த் திசைகளிலிருந்து வந்து ஒரே புள்ளியை உச்சியாகக் கொண்டு குவிவதனால் இக்கோணங்கள் அப்பெயர் பெற்றன என்பது அவ்விளக்கம். இத்தேற்றத்தை முதலில் கண்டவர் தேலீஸ் என்றும், முறையான நிறுவல் யூக்ளிட்டிடமே அமைந்தது என்றும் யூடிமஸ் கூறியதாக அவ்வுரை பதிவு செய்கிறது. உரையாசிரியர் மரபில் வந்தவர்கள் எங்கும் ஒரே பணியையே செய்திருக்கின்றனர் போலும்.

யூக்ளிட்டின் நூல் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டபோது கொருஃபே வெர்டெக்ஸ் ஆயிற்று. 16 ஆம் நூற்றாண்டில் கிளேவியஸ் முதலியோர் ‘வெர்டெக்ஸிடத்துக் கோணங்கள்’ எனப் பொருள்படும் தொடரை ஆண்டனர். 1570 இல் பில்லிங்ஸ்லி வெளியிட்ட முதல் ஆங்கில மொழிபெயர்ப்பு இன்னும் ஒரு படி சென்று, இலத்தீனை விடுத்துத் தன் மொழியிலேயே ‘தலைக் கோணங்கள்’ என்று பெயரிட்டது. அப்பெயர் நிலைத்திருப்பின் தமிழில் இப்பிழை நேர்ந்திராது. பின்வந்த ஆங்கில நூல்கள் இலத்தீன் வழிப்பட்ட ‘வெர்டிக்கல்’ என்பதற்கே திரும்பின. 18 ஆம் நூற்றாண்டில் ராபர்ட் சிம்சன் ‘வெர்டிக்கல்’ என்பதை மட்டும் கூறி நிறுத்தாமல் ‘அல்லது எதிர்’ என ஒரு விளக்கத்தையும் சேர்த்துக்கொண்டார். இரண்டும் பின்னர் ஒட்டி ‘வெர்டிக்கலி ஆப்போசிட்’ ஆயின. உச்சியை இடையாகக் கொண்டு எதிர்நிற்பவை என்பதே அத்தொடரின் பொருள்.

இப்பொருளைப் பிறமொழிகள் எவ்வாறு காத்தன என்பதைப் பார்ப்பது பயனுடையது. பிரெஞ்சில் இவை ‘சிகரத்தின் வழி எதிர்நிற்கும் கோணங்கள்’. ஜெர்மானியத்தில் ‘ஷைட்டல் கோணங்கள்’. ஷைட்டல் என்பது உச்சந்தலைக்கும் தலைமயிரின் வகிட்டிற்கும் பெயர். ஆங்கிலத்தின் வழியே வடிவியல் கற்ற இந்திய மொழிகளும் இதில் தடுமாறவில்லை. இந்தியிலும் தெலுங்கிலும் ‘சீர்ஷாபிமுக’ என்னும் சொல் வழங்குகிறது. சீர்ஷம் என்பது தலை. கன்னடத்தில் ‘சிருங்காபிமுக’ என்பர். சிருங்கம் என்பது கொடுமுடி. மலையாளப் பாடநூல்கள் அடையை முழுவதுமாக விட்டு ‘எதிர்கோணுகள்’ என்றே கூறுகின்றன. தென்மொழிகள் நான்கனுள் தமிழ் ஒன்றே ‘நிமிர்ந்து நிற்றல்’ என்னும் பொருளை இங்கே கொண்டுவந்து சேர்த்துள்ளது.

இது தமிழின் வறுமையால் நேர்ந்ததன்று என்பதே இங்கு வருந்தத்தக்கது. வெர்டெக்ஸ் என்னும் இலத்தீன் சொல்லின் பொருட்பரப்பு முழுவதையும் ஏறத்தாழ அவ்வாறே கொண்ட சொல் தமிழில் உண்டு. உச்சி என்பது தலையின் மேலிடம்; உச்சந்தலை, உச்சிமுகர்தல் என்பன அதன் வழக்குகள். மலையுச்சி என்பது சிகரம். உச்சிவெயில், உச்சிப்பொழுது என்பவற்றில் அது வானின் நடுப்புள்ளியைச் சுட்டுகிறது. உச்சியெடுத்து வாருதல் என்னும் பேச்சுவழக்கில் ஜெர்மானியச் சொல்லைப் போல வகிட்டையும் குறிக்கிறது. குவின்டிலியன் கூறிய தொடக்கப்பொருளாகிய சுழல் மட்டுமே உச்சிக்கு இல்லை. அதற்கும் தமிழில் சுழி என்னும் சொல் நிற்கிறது. ஆற்றில் நீர் சுழன்று அமிழும் இடமும் சுழி. குழந்தையின் உச்சந்தலையில் மயிர் சுழன்று அமையும் இடமும் சுழி. இரட்டைச் சுழிக்குப் பலன் கூறும் நாட்டார் நம்பிக்கையை அறியாதவர் அரியர். நீரையும் மயிரையும் ஒரே சொல்லால் இணைத்த இலத்தீன் பார்வையும் தமிழ்ப் பார்வையும் ஒன்றுக்கொன்று கடன்பட்டவை அல்ல. இரண்டும் தனித்தனியே தோன்றியவை. இத்துணைப் பொருத்தமான சொல் கைவசம் இருந்தும் அதனை விடுத்துக் குத்தினை எடுத்தது, மூலச்சொல்லைப் பாராமல் இடைமொழிச் சொல்லை மட்டுமே பார்த்ததன் விளைவு.

இதனால் கலைச்சொல் ஒவ்வொன்றும் இலத்தீன் வேரைப் பின்பற்ற வேண்டும் என்பது பெறப்படாது. கோணங்களின் பெயர்களையே எடுத்துக்கொள்ளலாம். செங்கோணத்தினும் சிறிய கோணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், ‘கூர்மையாக்கு’ எனப் பொருள்படும் இலத்தீன் வினையடியாகப் பிறந்தது. இலங்கைத் தமிழர் அதனைக் கூர்ங்கோணம் என்றனர்; தமிழ்நாட்டார் குறுங்கோணம் என்றனர். முன்னது வேரைத் தழுவியது. பின்னது அளவின் சிறுமையை நோக்கியது. இரண்டுமே பொருளிடத்தே உள்ள இயல்பைக் கூறுவதனால் இரண்டும் ஏற்புடையன. செங்கோணத்தினும் பெரிய கோணத்திற்குரிய ‘ஆப்டியூஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லோ, ‘அடித்து மழுக்கப்பட்டது’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. முனை மழுங்கிய கருவியின் உவமை அதில் உள்ளது. தமிழில் அதனை மழுங்குகோணம் என எவரும் பெயர்க்கவில்லை. இரு நாட்டாரும் விரிகோணம் என்றனர். இலத்தீனை விட்டு விலகியும், அல்லது விலகியதனாலேயே, அது மூலத்தினும் சிறந்த பெயராயிற்று. கரங்கள் விரிந்து நிற்பதைக் கண்ணால் காணலாம். மழுங்கியிருப்பதை உவமையால்தான் காண வேண்டும்.

செங்கோணம் என்பது தனியே பேசத்தக்கது. இலத்தீனில் அதன் அடை ‘ரெக்டுஸ்’. நேராக்கு, நெறிப்படுத்து, ஆள் என்னும் பொருள்களையுடைய ‘ரெகெரே’ என்னும் வினையின் வழி வந்தது. அரசனைக் குறிக்கும் இலத்தீன் சொல்லும் அவ்வினையோடு உறவுடையது. நேர்மையும் ஆட்சியும் ஒரே வேரில் நிற்பது தமிழுக்கு அயலானதன்று: செங்கோல் நேரிய கோல், கொடுங்கோல் வளைந்த கோல். திருக்குறளில் செங்கோன்மையும் கொடுங்கோன்மையும் அடுத்தடுத்த அதிகாரங்களாக அமைந்துள்ளன. செங்கோணம் என்பதில் உள்ள ‘செம்’ நிறத்தையன்று, இந்நேர்மையையே குறிக்கிறது. வேருக்கும் பொருளுக்கும் ஒருங்கே உண்மையாக நிற்கும் ஆக்கம் இது.

ஆகக் கூர்ங்கோணமும் செங்கோணமும் வேருக்கும் பொருளுக்கும் உண்மையானவை. குறுங்கோணமும் விரிகோணமும் வேரை விட்டுப் பொருளுக்கு உண்மையானவை. குத்தெதிர்க் கோணமோ வேரையும் தழுவவில்லை, பொருளையும் காட்டவில்லை. அது உண்மையாக இருப்பது இடைமொழிச் சொல்லின் தொடர்பற்ற வேறொரு பொருளுக்கு மட்டுமே. இவ்வகை ஆக்கமே திருத்தத்திற்குரியது.

இப்பிழையைத் தமிழ்க் கணித நூல்களே தம்மையறியாமல் மெய்ப்பித்துள்ளன. முக்கோணத்தின் அடிப்பக்கத்திற்கு எதிரே உள்ள கோணத்தையும் ஆங்கிலத்தில் ‘வெர்டிக்கல்’ கோணம் என்பர். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அதற்கு வழங்கும் பெயர் உச்சிக்கோணம். அடிப்பக்கமும் உச்சிக்கோணமும் குத்துயரமும் தரப்பட்டால் முக்கோணம் வரைதல் பத்தாம் வகுப்புச் செய்முறை வடிவியலில் பழகிய கணக்கு. அங்கே ‘வெர்டிக்கல்’ என்பதைக் குத்துக்கோணம் எனப் பெயர்த்திருப்பின் எத்துணைக் குழப்பம் விளைந்திருக்கும்! உச்சி, குத்து என்னும் இரண்டு சொற்களும் ஒரே கணக்கில் வெவ்வேறு பொருளில் நின்று தத்தம் பணியைச் செய்கின்றன. ஒரே ஆங்கில அடை ஓரிடத்தில் சரியாக உச்சி எனவும், மற்றோரிடத்தில் பிழையாகக் குத்து எனவும் பெயர்க்கப்பட்டிருத்தல் கொள்கை வேறுபாட்டால் அன்று, கவனக்குறைவால் நேர்ந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இக்கருத்திற்குத் தடைகள் எழக்கூடும். ‘குத்து’ என்பதற்கு ஊடுருவுதல் என்னும் பொருளும் உண்டு ஆதலால், ஒன்றையொன்று ஊடுருவும் கோடுகளால் எதிரெதிராக அமைந்த கோணங்கள் எனப் பொருள் கொள்ளலாம் என்பது ஒன்று. இது பெயருக்குப் பின்னர்க் கற்பிக்கப்படும் காரணமே. கோடுகள் ஒன்றையொன்று குத்துவதாகத் தமிழ் வடிவியல் கூறுவதில்லை, வெட்டுவதாகவே கூறுகிறது. வெட்டும் கோடுகள், வெட்டுப்புள்ளி, குறுக்குவெட்டி என்பன அதன் சொற்கள். ஊடுருவுதலே கருத்தாயின் ‘வெட்டெதிர்’ என்றிருக்க வேண்டும்.

இரண்டாவது தடை வலுவுடையது. வழக்கில் நிலைத்த சொல்லுக்கு வேர்ப்பொருள் பார்க்க வேண்டுவதில்லை என்பர். சொற்களின் பொருட்காரணம் பார்த்த அளவில் புலப்படாது எனத் தொல்காப்பியர் உரியியலில் கூறியதையும் துணைக்கு அழைப்பர். எடுத்துக்காட்டும் காட்டுவர்: கோடுதல் என்பது வளைதல்; நடுவுநிலைமையைக் கோடாமை என வள்ளுவர் வழங்கினார்; அங்ஙனமிருக்க வளைவுப்பொருளுடைய ‘கோடு’ என்பதற்கு முன் ‘நேர்’ என்பதைச் சேர்த்து நேர்கோடு என்கிறோம்; இதனால் எவருக்கும் இடர் இல்லையே என்பர். இவ்வெடுத்துக்காட்டு அழகியது. ஆனால் இங்குப் பொருந்தாது. கோடுதல் என்னும் வினை இன்றைய மாணவரின் வழக்கில் இல்லை. ஆகவே அப்பழம்பொருள் நேர்கோட்டினுள் புகுந்து குழப்புவதில்லை. குத்தின் நிமிர்வுப் பொருளோ இறந்துபட்டதன்று. அதே வகுப்பில், அதே பாடநூலில், சில பக்கங்களுக்கு அப்பால் குத்துக்கோடாகவும் குத்துயரமாகவும் உயிரோடு நிற்கிறது. இறந்த பொருளைப் பொறுத்துக்கொள்ளலாம். உயிருள்ள பொருள் பிழையாக வழிநடத்துவதைப் பொறுத்தல் கூடாது. தொல்காப்பியர் கூற்றும் மொழியில் இயல்பாக அமைந்த சொல் பற்றியது. குழு கூடி ஆக்கிய சொல்லின் காரணம் விளங்காமற் போனால் அப்பொறுப்பு மொழியைச் சேராது, குழுவையே சேரும்.

ஆங்கிலத்திலும் இதே மயக்கம் உள்ளதே, அவர்கள் திருத்தவில்லையே என்னும் தடை ஒரு வரியில் விடுக்கத்தக்கது. ஆங்கிலேயர்க்கு அது தம் மொழியில் தானாக நேர்ந்த பொருள்மாற்றம். தமிழர்க்கு அது வலிந்து பெற்றுக்கொண்ட பிழை.

திருத்தமாக முன்வைக்கத்தக்க சொல் ‘உச்சியெதிர்க் கோணம்’ என்பது. உச்சி என்றால் மேலே இருப்பது அன்றோ, வெட்டுப்புள்ளி நடுவில் அல்லவா உள்ளது என ஐயுறுவோர், முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் உச்சிகள் என வடிவியல் ஏற்கெனவே வழங்குவதை நினைவுகூரலாம். கீழே உள்ள இரு மூலைகளும் அங்கே உச்சிகளே. தொடக்க வகுப்புகளில் கோணத்தின் முனை என்னும் வழக்கும் உண்டாதலின் ‘முனையெதிர்க் கோணம்’ எனலும் தகும். இவ்விரண்டனுள் உச்சிக்கோணம் என்னும் உறவுச்சொல் வழக்கில் இருப்பதால் முன்னதற்கே வலிமை மிகுதி. மலையாளத்தைப் பின்பற்றி எதிர்க்கோணம் என மட்டும் கூறுவதில் ஓர் இடையூறு உள்ளது. நாற்கரத்தின் எதிர்க்கோணங்கள் என்னும் வழக்கு தமிழில் முன்னரே நிலைபெற்றது. அவை உச்சியைப் பகிர்ந்துகொள்வன அல்ல.

மாற்றம் ஒரே நாளில் நிகழ்தற்குரியதன்று. தேர்வு வினாத்தாள், விடைக்குறிப்பு, ஆசிரியர் கையேடு ஆகிய அனைத்திலும் பழஞ்சொல் ஊன்றியுள்ளது. பாடநூல் அடுத்த முறை திருத்தப்படும்போது உச்சியெதிர்க் கோணம் என்பதை முதலிலும் பழஞ்சொல்லை அடைப்பினுள்ளும் அச்சிட்டு, ஒரு பாடத்திட்டக் காலம் முழுவதும் இரண்டையும் விடையாக ஏற்கலாம். இலங்கையிலும் இதே சொல் வழங்குவதனால் இரு நாட்டுக் கலைச்சொற் குழுவினரும் கலந்து முடிவு செய்தல் நலம்; இப்போது பிழையில் ஒன்றியிருப்போர் திருத்தத்தில் பிரிந்துவிடுதல் கூடாது. கலைச்சொல் அகராதிகள் ஆங்கிலச் சொல்லையும் தமிழ்ச் சொல்லையும் அருகருகே நிறுத்துவதோடு அமையாமல், பல பொருளுடைய மூலச்சொல் வருமிடத்து அதன் வேரையும் எப்பொருள் கொள்ளப்பட்டது என்பதையும் ஒரு வரியில் குறித்தல் வேண்டும். வெர்டிக்கல் என்பதற்கு நேரே அத்தகைய வரி ஒன்று இருந்திருப்பின், உச்சிக்கோணம் கண்ட அதே கை குத்தெதிர்க் கோணத்தை எழுதியிருக்காது.